பலிக்காமல் போனது எந்த மருந்து? ஹெபடைடிஸ் சி குறித்து வாசகர் கேள்விகள்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைப் பன்னிரண்டு வார மாத்திரையில் ஒழித்துவிடலாம் என்று இந்தப் பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ‘எங்களுக்கு ஒழியவில்லையே, நாங்கள் என்ன செய்வது’ என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று அநேகமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, என் கணவருக்கு வயது 57. 2009-இல் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்து, வாரம் ஒரு ஊசியும் தினமும் மாத்திரையுமாக ஆறு மாதம் சிகிச்சை எடுத்தார். காய்ச்சலும் முடி உதிர்வுமாக மிகவும் அவதிப்பட்டார். போய்விட்டது என்றார்கள், மறு ஆண்டே திரும்பி வந்துவிட்டது. 2017-இல் சோஃபோஸ்புவிர், டக்லாடஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகளை மூன்று மாதம் சாப்பிட்டார். அதுவும் பலிக்கவில்லை. அவருக்கு இருப்பது மூன்றாம் மரபுவகை (வைரஸின் மரபணு வகை) என்று அறிக்கையில் உள்ளது. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க இப்போது எடுத்த ஃபைப்ரோஸ்கேனில் 17 என்று வந்திருக்கிறது. இருந்த மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்கள் உறவினர்கள். உண்மைதானா? (வாசகி, நாமக்கல்)

பதில்: உண்மையில்லை, அம்மா. உங்கள் கணவருக்கு இன்னும் மருந்து இருக்கிறது. ஆனால் இரண்டு முறை பலிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் இரண்டாக எண்ணவில்லை, ஒன்றாகத்தான் எண்ணுகிறேன். அது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் போட்ட ஊசி இன்டர்ஃபெரான். உடன் கொடுத்த மாத்திரை ரிபாவிரின். இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்தன்று. உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டு, அதைக் கொண்டு வைரஸை விரட்டப் பார்க்கும் மருந்து. அக்காலத்தில் முதல் மரபுவகைக்கு ஓராண்டு ஊசி போட்டாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் குணமானது. மூன்றாம் மரபுவகையில் நிலைமை அதைவிடச் சற்று மேல். பலிக்காமல் போனவர்களின் உடம்பில் தங்கிய வைரஸ் அந்த ஊசியிடமிருந்து இப்போதைய மாத்திரைகளை எதிர்க்கும் வித்தை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆகவே இன்டர்ஃபெரான் மட்டுமே எடுத்துத் தோற்றவர்களுக்குப் பெரும்பாலும் புது நோயாளிகளைப் போலவே இன்று மாத்திரை கொடுக்கிறோம். அந்த ஆறு மாத அவதியை நினைத்து இன்றும் சிகிச்சைக்கு வராமல் ஒதுங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் எளிதில் குணமாகக்கூடியவர்கள் என்பது எனக்கு எப்போதும் ஆதங்கமாக இருக்கும்.

2017-இல் நடந்தது வேறு. இந்தக் காலத்து மாத்திரைகளின் பெயர்கள் வாயில் நுழையாதவை என்றாலும், பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் அவை வைரஸின் எந்த உறுப்பைத் தாக்குகின்றன என்பது புலப்படும். ‘புவிர்’ என்று முடிபவை, வைரஸ் தன்னைப் படியெடுத்துக்கொள்ளப் பயன்படுத்தும் நொதியை முடக்குகின்றன. ‘ஆஸ்விர்’ என்று முடிபவை, என்எஸ்5ஏ என்ற புரதத்தைத் தாக்குகின்றன. ‘ப்ரேவிர்’ என்று முடிபவை, வைரஸின் நீண்ட புரதச் சங்கிலியை உரிய இடங்களில் நறுக்கித் தரும் நொதியைத் தடுக்கின்றன. உங்கள் கணவர் முதல் இரண்டு வகைகளைச் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாவது வகையை அவர் இன்னும் தொடவே இல்லை. ‘ஆஸ்விர்’ வகையில் தோற்றால் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. அந்த மருந்தை எதிர்க்கும்படி மாறிக்கொண்ட வைரஸ், மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் உடம்பில் நிலைத்து நிற்கும். எனவே அதே இரண்டு மாத்திரைகளை அதே பன்னிரண்டு வாரத்துக்கு மறுபடியும் எழுதிக்கொடுப்பது வீண்.

அப்போது ஏன் பலிக்கவில்லை? கடிதத்திலிருந்தே ஒரு காரணத்தை ஊகிக்க முடிகிறது. மூன்றாம் மரபுவகை உள்ளவர்களுக்கு இதே இரண்டு மாத்திரைகளைப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. கல்லீரல் சுருக்கம் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை, சிரோசிஸ்) இல்லாதவர்களில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சுருக்கம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர்தான் குணமானார்கள். ஃபைப்ரோஸ்கேனில் ஏறத்தாழ 12.5 கிலோபாஸ்கலைத் தாண்டினால் சுருக்கம் என்று கருதுவது வழக்கம். இன்று 17 காட்டும் கல்லீரல் 2017-லேயே சுருங்கத் தொடங்கியிருந்திருக்கலாம். அன்று யாரும் அதை அளந்து பார்க்காமல் இருந்திருக்கலாம். 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், சுருக்கம் இல்லாதவர்களுக்கு டக்லாடஸ்விர் சேர்ந்த கூட்டு, இருப்பவர்களுக்கு வெல்படஸ்விர் சேர்ந்த கூட்டு என்று பிரித்து வைத்திருப்பதன் பொருத்தம் இதிலிருந்து விளங்கும். அன்றைய மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. வெல்படஸ்விர் உலகச் சந்தைக்கே 2016-இல்தான் வந்தது.

இனிச் செய்யக்கூடியவை இரண்டு. சோஃபோஸ்புவிர், வெல்படஸ்விர், வோக்சிலாப்ரேவிர் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கிய கூட்டைத் தினமும் ஒன்றாக, சாப்பாட்டுடன், பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்வது முதல் வழி. முன்பு ‘ஆஸ்விர்’ வகை மருந்தில் தோற்றவர்களிடமே இதைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 96 சதவீதம் பேர் குணமானார்கள். சுருக்கம் உள்ளவர்களிலும் 93 சதவீதம் பேருக்குப் பலித்தது. உங்கள் கணவருக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆனால் இது நம் ஊர் மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. வரவழைக்க வழியுண்டா என்று கல்லீரல் மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், சோஃபோஸ்புவிர், வெல்படஸ்விர் கூட்டுடன் ரிபாவிரினையும் சேர்த்து 24 வாரம் கொடுப்பது இரண்டாவது வழி. வெல்படஸ்விர் எடுத்துத் தோற்ற 69 பேருக்கு இப்படிக் கொடுத்ததில் மொத்தத்தில் 91 சதவீதம் பேர் குணமானார்கள். மூன்றாம் மரபுவகையில் மட்டும் 78 சதவீதம். குறைவுதான் என்றாலும், ஒன்றும் செய்வதற்கில்லை என்ற பேச்சுக்கும் இதற்கும் வெகுதூரம்.

ரிபாவிரின் என்றதும் உங்களுக்குப் பழைய நினைவு வரும். அன்று காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இன்டர்ஃபெரான் ஊசிதான். ரிபாவிரின் செய்வது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து ஹீமோகுளோபினைக் குறைப்பது. அதனால் இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் ரத்தம் பார்த்து, தேவைப்பட்டால் அளவைக் குறைத்துக்கொள்வோம். கருவுக்கு அது பெருந்தீங்கு செய்யும் என்பதால், கணவன் மனைவி இருவரில் யார் எடுத்தாலும், எடுக்கும் காலத்திலும் நிறுத்திய பின் குறைந்தது ஆறு மாதமும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வயதில் இது தேவைப்படாமல் இருக்கலாம். வேறு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

மருந்தைத் தொடங்குமுன் ஒன்றை உறுதி செய்தே ஆக வேண்டும். சுருங்கிய கல்லீரல் தன் வேலையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறதா, இல்லை தளர்ந்துவிட்டதா என்பதே அது. வயிற்றில் நீர் கோர்த்தல், ரத்த வாந்தி, மனத்தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று வந்திருந்தாலும், கல்லீரலின் வேலையைக் காட்டும் ரத்த அளவுகளான பிலிருபினும் ஆல்புமினும் ரத்தம் உறையும் நேரமும் கெட்டிருந்தாலும், ‘ப்ரேவிர்’ என்று முடியும் எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது. நான் மேலே முதல் தேர்வு என்று சொன்னதே அப்போது ஆபத்தாகிவிடும். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சி வைரஸ் அடங்கும்போது, அதுவரை பதுங்கியிருந்த பி தலைதூக்குவது உண்டு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் மஞ்சள் பை ஒன்றை என் மேசைமேல் கவிழ்த்தார். பழைய அறிக்கைகள், ஸ்கேன் படம், மருந்துக் கடை ரசீதுகள், காலி மாத்திரை டப்பாக்கள் எல்லாம் வந்து விழுந்தன. பன்னிரண்டு வாரம் முழுதும் சாப்பிட்டும் கேட்கவில்லை என்று அவர் மகன் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டப்பாவில் 28 மாத்திரை. பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று டப்பா வேண்டும். பையிலிருந்தவை இரண்டே டப்பா, இரண்டே ரசீது. மூன்றாம் மாதம் கையில் பணம் புரளவில்லை. மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று பெரியவர் அதை மறைத்திருக்கிறார். மருந்து தோற்றது வேறு, மருந்து போய்ச் சேராதது வேறு. இப்போது அரசுத் திட்டத்தில் இம்மருந்துகள் இலவசம் என்பதால், பணமில்லாமல் யாரும் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. ஏற்கெனவே சிகிச்சை பெற்றுத் தோற்றவர்களை மாவட்ட அளவிலேயே வைத்துக்கொள்ளாமல் மாதிரி சிகிச்சை மையத்துக்கு (மாடல் ட்ரீட்மென்ட் சென்டர்) அனுப்ப வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் ஏற்பாடு. அந்தப் பரிந்துரைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மறுபடி மருந்து தொடங்குமுன், எந்த மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டது என்று கண்டறியும் பரிசோதனையைச் செய்தே ஆக வேண்டுமா? கட்டணம் அதிகமாகச் சொல்கிறார்கள். (வாசகர், சேலம்)

பதில்: கட்டாயமில்லை. மூன்று மருந்துக் கூட்டு கிடைக்கும் என்றால், அந்தப் பரிசோதனையின் முடிவு எதுவாக இருந்தாலும் அநேகமாக அதையே கொடுப்போம். முடிவை மாற்றாத பரிசோதனைக்குப் பணத்தைக் கரைப்பானேன்? மூன்றாம் மரபுவகையில் ஒய்93எச் என்ற மாற்றம் இருந்தால் வெல்படஸ்விர் சற்றுத் தடுமாறும் என்பதால், அந்த மருந்தையே நம்பியிருக்க வேண்டிய சூழலில் பரிசோதனை பயன் தரலாம். மூன்று மருந்துக் கூட்டிலும் தோற்றவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குச் சோஃபோஸ்புவிர், கிளெகாப்ரேவிர், பிப்ரென்டாஸ்விர், ரிபாவிரின் என்று நான்கையும் சேர்த்துக் கொடுக்கும் முறை உண்டு. அந்தக் கட்டத்தில் நான் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் நகர மாட்டேன்.

கேள்வி: ஐயா, ஓராண்டுக்கு முன் மருந்து முழுவதும் சாப்பிட்டு முடித்தேன். வளைகுடா வேலைக்காக மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது ‘எச்சிவி ரியாக்டிவ்’ என்று வந்து, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை தோற்றுவிட்டதா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: உங்களுக்கு வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவே முடியாது. அங்கே பார்த்தது வைரஸை அன்று. வைரஸை எதிர்த்து உங்கள் உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடியை. வைரஸ் முற்றிலும் ஒழிந்த பிறகும் அது ரத்தத்தில் பல ஆண்டுகள், பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும், இருந்துகொண்டே இருக்கும். வீடு காலியான பிறகும் கதவில் பழைய பெயர்ப் பலகை தொங்குவதில்லையா? அதைப் போலத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது, வைரஸின் மரபுப்பொருளையே ரத்தத்தில் தேடும் ஆர்என்ஏ பரிசோதனை. வைரல் லோடு என்று எழுதிக் கேட்டாலும் அதையேதான் செய்வார்கள். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு வாரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் வைரஸ் தென்படாவிட்டால் குணம் என்று பொருள். அதன்பின் அதே வைரஸ் திரும்புவது மிக அரிது. மாத்திரை முடிந்த அன்றே எடுத்த அறிக்கையை வைத்துக்கொண்டு குணமாகிவிட்டது என்று எண்ணியிருப்பவர்களும் உண்டு. அந்த அறிக்கைக்கு அவ்வளவு மதிப்பில்லை. தோற்றவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ் திரும்பியது அன்றைக்குப் பிறகுதான். பன்னிரண்டாம் வார அறிக்கை உங்களிடம் இல்லையென்றால் இப்போது எடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் விசா கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் உங்களைத் திருப்பி அனுப்பியதே ஆன்டிபாடியைப் பார்த்துத்தான். குணமான ஓர் ஆளை இப்படித் திருப்பி அனுப்புவதில் மருத்துவ நியாயம் ஏதும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் இதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் முறை மருந்து வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் தம்பி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறான். ஹெபடைடிஸ் சி குணமாகி, பன்னிரண்டாம் வாரத்திலும் ஆறாம் மாதத்திலும் வைரஸ் இல்லை என்று வந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி இருக்கிறது என்கிறார்கள். மருந்து தரமில்லாததா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தேதிகளைச் சரியாகக் குறித்து அனுப்பியதற்கு நன்றி, அவற்றிலேயே விடை இருக்கிறது. பன்னிரண்டாம் வாரத்தைத் தாண்டி ஆறு மாதமும் இல்லாத வைரஸ் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தால், பழையது திரும்பியது என்பதைவிடப் புதிதாக ஒட்டிக்கொண்டது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். அம்மையைப் போல ஒருமுறை வந்தால் மறுமுறை வராத நோயன்று இது, தடுப்பூசியும் கிடையாது. பழைய அறிக்கையில் மரபுவகை இருந்தால் இப்போதையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒன்றாகவே இருந்தாலும் புதிய தொற்றாக இருக்க வாய்ப்புண்டு.

புதிய தொற்றானால் முதல்முறை பலித்த மருந்தே மறுபடியும் பலிக்கும். 24 வார முறைக்கோ ரிபாவிரினுக்கோ போக வேண்டியதில்லை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கும், ரிபாவிரினும் உடம்பிலிருந்து எளிதில் வெளியேறாது என்பதால் இது பெரிய ஆறுதல். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் சோஃபோஸ்புவிர் ஆகாது என்று முன்பு தயங்கினோம்; 2019-இல் அமெரிக்க மருந்துக் குறிப்பிலேயே அந்தத் தடை நீங்கியது. வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் வைத்திருக்கிறோம் என்று பல மையங்கள் சொல்லும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்போது ஊழியர் கையுறையை மாற்றிக் கை கழுவுகிறாரா, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபாரின் மருந்துப் புட்டியை ஒவ்வொரு படுக்கையாக எடுத்துச் செல்லாமல் தனியிடத்தில் வைத்து மருந்து எடுக்கிறாரா என்பவைதான் அதைவிட முக்கியம். அடுத்த முறை தம்பியுடன் போகும்போது அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து பாருங்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனுக்கு ஆர்என்ஏ பார்க்க வேண்டும். ஆன்டிபாடி பரிசோதனை இனி அவனுக்குப் பயன்படாது.

கேள்வி: என் தாயாருக்கு முன்பு டக்லாடஸ்விர் சேர்ந்த சிகிச்சை பலிக்கவில்லை. இப்போது வயிற்றில் நீர் கோர்க்கிறது. முதலில் வைரஸுக்கு மருந்தா, முதலில் மாற்றுக் கல்லீரலா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இதைக் கடிதத்தில் முடிவு செய்ய முடியாது, எதை வைத்து முடிவு செய்வார்கள் என்று மட்டும் சொல்கிறேன். பிலிருபின், ரத்தம் உறையும் நேரம், கிரியேட்டினின் ஆகியவற்றைக் கொண்டு மெல்ட் என்றொரு மதிப்பெண் போடுவார்கள். அது 18 அல்லது 20-க்குக் கீழே இருந்தால் முதலில் வைரஸை ஒழிப்பது பெரும்பாலும் நல்லது. சிலருக்கு நீர் வற்றி, மாற்று அறுவையே தேவைப்படாமல் போவதும் உண்டு. அதற்கு மேலே இருந்து, சில மாதங்களில் கல்லீரல் கிடைக்கும் வாய்ப்பும் இருந்தால், அறுவையை முடித்துவிட்டு மருந்து கொடுப்பதே மேல். மதிப்பெண் சற்றுக் குறைந்து, ஆனால் உடம்பு தேறாமல், மாற்றுப் பட்டியலிலும் பின்னுக்குத் தள்ளப்பட்டுத் திண்டாடும் நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். எனவே மாற்று அறுவை செய்யும் மருத்துவமனையின் கருத்தைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். தொடங்கினால், அம்மாவுக்குப் பொருந்துவது சோஃபோஸ்புவிர், வெல்படஸ்விர், ரிபாவிரின் சேர்ந்த 24 வாரச் சிகிச்சை. மூன்று மருந்துக் கூட்டு அவருக்கு ஆகாது. யாராவது எழுதிக்கொடுத்தால் வயிற்றில் நீர் இருப்பதை நினைவூட்டுங்கள்.

கேள்வி: இரண்டாம் முறை மருந்து தொடங்கியிருக்கிறார்கள். கூடவே நெஞ்செரிச்சல் மாத்திரையும், காலையில் கீழாநெல்லிச் சாறும் எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: நெஞ்செரிச்சலுக்கு நீங்கள் போடும் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. ஒமிப்ரசோல் போன்றதாக இருந்தால் நிறுத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்படஸ்விர் சரியாக உறிஞ்சப்படாது. நிறுத்தவே முடியாதென்றால், வெல்படஸ்விர் கூட்டை முதலில் சாப்பாட்டுடன் சாப்பிட்டு, நான்கு மணி நேரம் கழித்துச் சிறிய அளவில் அதைப் போடச் சொல்வார்கள். வெறும் ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் என்றால் நான்கு மணி நேர இடைவெளி போதும். இவற்றைவிடப் பெரிய எதிரிகள் காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசெபைனும். இவை வைரஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இதயத் துடிப்புக்காக அமியோடரோன் எடுப்பவர்களுக்குச் சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

கீழாநெல்லி நம் வீடுகளில் மஞ்சள் காமாலைக்குக் கைகண்ட மருந்தாகப் பெயர் பெற்றது. காமாலைகளில் பல, தாமாகவே சில வாரங்களில் இறங்கிவிடக்கூடியவை என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். ஹெபடைடிஸ் சி அப்படி இறங்குவதில்லை; பெரும்பாலும் காமாலையே காட்டாமல் இருபது முப்பது ஆண்டுகள் உள்ளே வேலை செய்யும். இரண்டாம் முறை சிகிச்சை எடுக்கும் உங்களுக்கு அடுத்த வாய்ப்பு இதைவிடக் கடினமாக இருக்கும் என்பதால், அந்த மாதங்களில் மட்டும் சாற்றையும் லேகியத்தையும் ஒதுக்கி வையுங்கள். மதுவை மாதக் கணக்குப் பார்க்காமல் அடியோடு விட்டுவிடுங்கள். மாத்திரையைத் தினமும் ஒரே வேளையில், நாள்காட்டித் தாளைக் கிழிக்கும் நேரத்தில் சாப்பிட்டு, கிழித்த தாளில் ஒரு கோடு போட்டு எடுத்து வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாள்களையும் கொண்டு போகலாம்.